எல்லோருக்கும் தெரிந்த ஒரே வித்தை: கரிஞ்சா

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். சிலி, 1962. வலது எல்லைக்கோட்டை ஒட்டி ஏழாம் எண் சட்டை.)

இந்த பிரேசில் கால்பந்து ஆட்டக்காரரின் கால்களை முதலில் பாருங்கள். வலது கால் உள்பக்கமாக வளைந்திருக்கிறது, இடது கால் வெளிப்பக்கமாக. ஒரு காலைவிட இன்னொரு கால் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் குட்டை. காற்றடித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் போல நிற்கிறார். ஆனால் சாயப்போவது இவர் அல்லர், எதிரில் நிற்பவர்.

பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சான்டோஸ். 1933 அக்டோபர் 28 அன்று, ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் பாவ் கிராண்டி என்ற ஆலை ஊரில் பிறந்தார். சிறுவயதில் ஆள் மிகச் சிறியவராக இருந்ததால், அந்தப் பக்கத்துச் சின்னக் குருவி ஒன்றின் பெயரை அக்கா வைத்தார்: கரிஞ்சா. அதுவே நிலைத்துவிட்டது. வளர்ந்ததும் ஊரிலிருந்த நெசவாலையில் வேலைக்குப் போனார். மனமெல்லாம் மீன்பிடிப்பதிலும் பந்திலும்தான் இருந்தது.

1953இல் பொட்டாஃபோகோ கிளப்பில் சோதனை ஆட்டம். இவரைத் தடுக்க நின்றவர் சாதாரண ஆள் இல்லை. நில்டன் சான்டோஸ், பிரேசில் தேசிய அணியின் இடதுபுறத் தற்காப்பு ஆட்டக்காரர். அவரையே இந்த வளைகால் இளைஞர் திணறடித்தார். ஆட்டம் முடிந்ததும், இவரை உடனே ஒப்பந்தம் செய்யும்படி கிளப்பிடம் சொன்னவர் அதே நில்டன் சான்டோஸ்தான். தன்னைத் தோற்கடித்தவனுக்குத் தானே சிபாரிசு செய்யும் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது.

(திரையில்: அதே படம், மெதுவாக ஓடுகிறது.)

இப்போது அந்த வித்தைக்கு வருவோம். கரிஞ்சா பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்வார். பந்தை வாங்குவார், அப்படியே நின்றுவிடுவார். உடலை இடப்பக்கம் சாய்ப்பார். பிறகு வலப்பக்கம் பாய்வார். அவ்வளவுதான். இது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தடுக்க நின்றவருக்கும் தெரியும். பயிற்சியாளர் முந்தைய நாளே சொல்லியிருப்பார். தெரிந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

படத்தை இங்கே நிறுத்துகிறேன். பந்து அசையவே இல்லை, கவனியுங்கள். கரிஞ்சாவின் தோளும் இடுப்பும் மட்டும் இடப்பக்கம் போகின்றன. எதிரில் நிற்பவருக்கு அது அவருடைய வலப்பக்கம். மூளைக்குச் செய்தி தெரியும், ஆனால் கால் மூளையைக் கேட்பதில்லை. கண்ணெதிரே ஓர் உடல் சாய்ந்தால் நம் உடலும் கூடவே சாய்கிறது. தடுப்பவரின் முழு எடையும் அவருடைய வலது காலில் இறங்குகிறது. எடை தாங்கும் காலை உடனே தூக்க முடியாது. அதை மீட்க ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தில் கரிஞ்சா வலது பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டிவிட்டு, கோட்டோரமாக மூன்று நான்கு எட்டு கடந்திருப்பார். நின்ற இடத்திலிருந்து அப்படி வேகமெடுக்கும் ஆட்டக்காரர்கள் அபூர்வம்.

சரி, ஏமாறாமல் அசையாமலே நின்றால்? கரிஞ்சாவும் நிற்பார். மறுபடி சாய்வார். சில நேரம் பந்தை அங்கேயே விட்டுவிட்டு ஓரிரண்டு அடி ஓடித் திரும்புவார். மெக்சிகோ ரசிகர்கள் 1958இல் இவர் ஆட்டத்தைப் பார்த்து, காளைச் சண்டையில் கத்துவதுபோல் ‘ஓலே’ என்று கத்தினார்கள். எதிரணி அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கிளப்.

அதே ஆண்டு சுவீடனில் உலகக் கோப்பை. முதல் இரண்டு ஆட்டங்களில் கரிஞ்சாவை இறக்கவில்லை. பயிற்சியாளர் ஃபியோலாவின் குழுவில் இருந்த உளவியல் நிபுணர் வைத்த தேர்வில் இவர் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியிருந்தார். இங்கிலாந்துடனான ஆட்டம் கோலே இல்லாமல் டிராவில் முடிந்தது. மூன்றாவது ஆட்டம் ஜூன் 15, கோதன்பர்க், எதிரணி சோவியத் யூனியன். அன்று கரிஞ்சாவும் 17 வயது பெலேயும் ஒன்றாக இறங்கினார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து வலப்பக்கம் வருகிறது. கரிஞ்சா தடுக்க வந்தவரைக் கடந்து அடிக்கிறார், பந்து கம்பத்தில் மோதுகிறது. சற்று நேரத்தில் பெலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடத்தில் பிரேசிலின் வாவா கோல் போடுகிறார். கோலில் நின்றவர் சோவியத் அணியின் புகழ்பெற்ற கோல்காப்பாளர் லெவ் யாஷின் என்பதை நினைவில் வையுங்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹானோ, கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் இவை என்றார். இறுதிப் போட்டியில் சுவீடன்தான் முதல் கோலை அடித்தது. பிரேசிலின் முதல் இரண்டு கோல்களும் ஒரே அச்சு: கரிஞ்சா வலப்பக்கம் கடந்து பந்தைக் குறுக்கே அனுப்புகிறார், வாவா முடிக்கிறார். முடிவு 5-2.

நான்கு ஆண்டு கழித்து, சிலியில் நடந்த உலகக் கோப்பையில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமடைந்து வெளியேறினார். பொறுப்பு முழுவதும் இந்தத் தோளில் இறங்கியது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல். அதில் ஒன்று தலையால், தன்னைவிட உயரமானவர்களுக்கு நடுவே. அரையிறுதியில் சிலிக்கு எதிராக இன்னும் இரண்டு: ஒன்று இடது காலால், ஒன்று மீண்டும் தலையால். வலது காலை மட்டும் பூட்டிவைத்தால் போதும் என்று எண்ணியவர்களுக்கு அதுவே பதில். அந்த ஆட்டத்தின் முடிவில், நாள் முழுவதும் உதை வாங்கியவர் பொறுமையிழந்து ஒருவரைத் திருப்பி உதைத்தார். நடுவர் வெளியேற்றினார். ஆனாலும் இறுதிப் போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது. காய்ச்சலோடு ஆடினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்று கோப்பை பிரேசிலிடமே தங்கியது.

பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. கரிஞ்சா தேசிய அணிக்கு ஆடியவற்றில் தோற்றது ஒன்றே ஒன்று: 1966இல் ஹங்கேரியிடம். அதுதான் அவருடைய கடைசி ஆட்டமும்.

அப்போது அவர் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஊசி போட்டுக்கொண்டு ஆடியவர் அவர். தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான். இவ்வளவு கூட்டத்தைச் சேர்த்த மனிதர் கையில் காசு தங்கவில்லை. குடி வீட்டையும் உடலையும் தின்றது. 1969இல் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, துணைவியான பாடகி எல்சா சோரெஸின் தாயார் இறந்தார். 1973 டிசம்பரில் மரக்கானா மைதானத்தில் பிரிவுபசார ஆட்டம் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 1983 ஜனவரி 20 அன்று, 49 வயதில் இறந்தார்.

உடலை அதே மரக்கானாவில் வைத்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றி, பாவ் கிராண்டிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுகச் சாலையோரம் மக்கள் நின்றார்கள். கல்லறையில் அவரை ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று பொறித்திருக்கிறார்கள்.

(திரையில்: முதல் காட்சி மீண்டும்.)

இதே துணுக்கை இன்னொரு முறை ஓட்டுகிறேன். இந்த முறை பந்தை விட்டுவிடுங்கள். எதிரில் நிற்பவரின் வலது காலைப் பாருங்கள். இதோ, எடை இறங்குகிறது. இதோ, கரிஞ்சா போய்விட்டார்.