வயலுக்கு அடியில் ஊரி

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பில் இருந்துகொண்டு கடல்வாழ் உயிர்ச்சுவடு, அதாவது கல்லிலும் மண்ணிலும் எஞ்சிக் கிடக்கிற பழைய கடல் உயிர்களின் எச்சம், தேடுவது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், முதலில் வருகிற கேள்வி "இங்க அப்படி ஏதும் கிடைக்குமா?" என்பதுதான். நல்ல கேள்வி, நேரடியாகவே பதில் சொல்கிறேன். தொலைக்காட்சியில் காட்டுகிற, அழிந்துபோன கடல் உயிரான சுருள் ஓட்டு அம்மோனைற்று, பாறையைப் பிளந்தால் உள்ளே முழு மீன், இவையெல்லாம் நம் மாவட்டத்தில் கிடைக்காது. நம் காலடியில் இருப்பது புவியியலாளர் விஜயன் தொகுதி என்று பெயரிட்ட பாறை. அதன் மூலப்பொருள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு பழையது, அந்தக் காலத்தில் ஓடுள்ள உயிரினமே பூமியில் தோன்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பாறை நிலத்துக்கு வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறித்தான் மேலே வந்திருக்கிறது. அதற்குள் சங்கையும் சிப்பியையும் தேடிப் பயனில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. கீரிமலைக் கடற்கரையில் உட்கார்ந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பதே கடல் உயிர்களின் எச்சத்தின் மேல்தான். அந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, சுமார் 2 கோடி ஆண்டு. அதில் இருக்கிற ஒரு வகை நுண்ணுயிரின் ஓடு கேரளத்துக் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே காலத்துக் கல் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு சாட்சி. பூசை அறையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே அம்மோனைற்று வைத்திருக்கிறார்கள், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் இருந்து வருவது அது.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? நமக்கு இருப்பது வயதில் இளையது. கல்லாக இறுகாதது, மண்ணுக்குள் கிடப்பது. 10,000 ஆண்டுக்கு உட்பட்டவற்றை முழு உயிர்ச்சுவடு என்று ஒப்புக்கொள்ளாத நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், நாம் சோறு உண்கிற வயலுக்கு அடியில் கடல் இருந்தது என்று சொல்லுகிற ஒரு ஓடு, எங்கோ ஒரு மலையில் இருந்து வந்து கடையில் விலைக்கு வாங்குகிற அம்மோனைற்றைவிட நமக்கு முக்கியமானது.

போன கோடையில் ஒரு நாள், மட்டக்களப்பு வாவி என்கிற கடலோர உப்புநீர் ஏரியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனேன். தெரிந்த ஒரு அண்ணன் வயலோரத்தில் கிணறு வெட்டுகிறார், கறுப்புக் களி வந்துவிட்டது, அதில் ஓடு ஓடாக வருகிறது, வந்து பார் என்று விடியற்காலையிலேயே தொலைபேசியில் சொன்னார். இப்படி ஒரு அழைப்பு வந்தால் நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் போனால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சீக்கிரம் போய்விடலாம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்கிற மிதவைப் படகுக்காகத் துறையில் காத்து நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அங்கிருந்து வயல் வழியே உள்ளே போகவேண்டும், வாவியின் நீர் ஓரமாகத் தெரிந்துகொண்டே வரும்.

கிணற்றடியில் அள்ளிக் கொட்டிய மண் மூன்று நிறத்தில் கிடந்தது. மேல்மண் ஒரு பக்கம், மஞ்சள் மணல் ஒரு பக்கம், கடைசியாக வந்த கறுப்புக் களி தனியாக. அந்தக் களியின் நாற்றத்தை மறக்க முடியாது, கூழ்முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் இலைதழை அழுகும்போது வருகிற கந்தக வாயு அது. அந்த நாற்றம் வந்தால் எனக்கு மனதுக்குள் மகிழ்ச்சி, ஏனென்றால் காற்றுப் புகாத சேறுதான் ஓடுகளை நன்றாகக் காப்பாற்றி வைக்கிறது. ஏழடியில் தொடங்கியதாக வெட்டுகிறவர் சொன்னார். மண்வெட்டிப் பிடியில் அவர் அளவு பார்த்து வைத்திருந்தார், நான் கேட்காமலே. அந்த மனுசனுக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்லவேண்டும், ஏனென்றால் ஆழம் தெரியாத ஓடு பாதிக் கதையைத்தான் சொல்லும்.

வாளித் தண்ணீரில் களியைக் கரைத்து, மாவரிக்கிற அரிதட்டில் ஊற்றி ஊற்றிக் கழுவினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் மட்டி. பல மட்டிகள் இரண்டு ஓடும் மூடியபடியே வந்தன. இது சின்ன விசயம் அல்ல. மட்டி செத்ததும் ஓடுகளைப் பிணைத்திருக்கிற தசைநார் அழுகிவிடும், அலையடிக்கிற இடத்தில் இரண்டு ஓடும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். மூடியபடி கிடைத்தால் அது வாழ்ந்த இடத்திலேயே சேற்றுக்குள் புதைந்தது என்று அர்த்தம், வெள்ளத்தில் அடிபட்டு வந்து சேர்ந்தது அல்ல.

ஒரு மட்டியின் ஓட்டில் மேற்புறமாக ஒரு துளை இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுத்தமான வட்டம், வெளிப்பக்கம் அகலம், உள்ளே போகப் போக ஒடுக்கம். இது கல் பட்டு உடைந்த துளை இல்லை. மணலுக்குள் ஊர்ந்து திரிகிற ஒரு வகை நத்தை, மட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, அரம் வைத்த நாக்கால் மணிக்கணக்காகச் சுரண்டிப் போடுகிற துளை அது. வேட்டையாடிய நத்தை எங்கேயோ போய்விட்டது, அதன் வேலை மட்டும் அப்படியே நிற்கிறது. நான் அந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

அப்புறம் வந்தது ஊரி, சேற்றில் வாழ்கிற ஒரு வகை நத்தையின் ஓடு. விரல் நீளத்துக்கு மேல், கூம்பாக, வரிவரியாக, தடித்த உதட்டோடு. இந்த ஊரிக்கு நம் ஊரில் ஒரு சரித்திரம் உண்டு. 1848இல் ஆங்கிலேய ஆட்சியின் இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் வாவியில் கேட்கிற, 'மீன் பாடுகிறது' என்று பேர்பெற்ற அந்த ஓசையைத் தோணியில் போய்க் கேட்டார். பாடுவது மீன் இல்லை, ஊரிதான் என்று நம் மீனவர்கள் அவருக்குச் சில ஓடுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றில் ஒன்றுக்கு இன்றைய விஞ்ஞானப் பெயர் தெரெபிராலியா பலஸ்ரிஸ். உப்புநீர்ச் சேற்றில் வளர்கிற கண்டல் மரக் காட்டில் வாழ்வது, வளர்ந்த பிறகு கண்டல் மரத்தின் விழுந்த இலையைத் தின்பது. என் கையில் இருந்ததும் அந்த வகைதான். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பொதுவாகக் கண்டல் சார்ந்த இடத்தில்தான் அது வாழும். நான் நின்ற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், ஒரு கண்டல் மரம் இல்லை. ஏழடிக்குக் கீழே கண்டல் காடு.

எப்படி? 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. அன்றைக்கு வாவி என்று ஒன்று இருந்திருக்க முடியாது. பனி உருக உருகக் கடல் ஏறியது, ஏறியது மட்டும் இல்லை, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரைகளில் இன்றைய மட்டத்தையும் தாண்டி ஒரு மீற்றர் அளவுக்கு மேலே நின்றது. தென்கரையில் அக்குறளைப் பக்கம் உள்நிலத்தில் தோண்டிச் சுண்ணாம்பு சுட்ட பழைய முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைத் துண்டுகளை, காபன் 14 முறையில் வயது பார்த்துத்தான் இது தெளிவானது. அப்படிக் கடல் ஏறி நின்ற காலத்தில் தாழ்ந்த நிலமெல்லாம் உப்புநீர்க் குடாவாக இருக்கும். பிறகு கடல் இறங்க, கரையோரம் மணல் திட்டு வளர்ந்து, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையாக நீள, மாரிதோறும் ஆறுகள் மேற்கில் இருந்து வண்டலைக் கொண்டுவந்து கொட்ட, குடாவின் ஓரங்கள் தூர்ந்து தூர்ந்து நிலமாகின்றன. அந்த நிலத்தில்தான் நாம் விதைக்கிறோம்.

மத்தியானம் அந்த வீட்டு ஆச்சி தேத்தண்ணியோடு வந்தா. என் சாக்கைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, சுண்ணாம்பு சுடவா பொறுக்கிறாய்?" என்று கேட்டா. தங்கள் காலத்தில் வாவிக்கரை ஓட்டைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு என்றா. நான் மூடிய மட்டி ஒன்றைக் கொடுத்து விசயத்தைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்கட வளவும் ஆத்துக்குள்ளதானே கிடந்திருக்கு" என்றா. வாவியை நம் ஆட்கள் ஆறு என்றுதானே சொல்வார்கள். அவ சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை.

உங்களில் யாருக்காவது ஆசை வந்தால் சில விசயங்கள். நீங்களாக வாவிக்கரையைக் கிண்டவேண்டாம், கண்டலைத் தொடவே வேண்டாம். கிணறு, அத்திவாரம், வாய்க்கால் என்று மற்றவர்கள் வெட்டிய மண்ணே போதும், வெட்டியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வெட்டுகிற கிணற்றுக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள், மணற்பாங்கான நிலம் சொல்லாமல் சரியும். மண்ணில் இரும்புத் துண்டு ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் கை வைக்காமல் விலகி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், நாம் வாழ்ந்த காலம் அப்படி. கடலுக்குள் இருக்கிற முருகைக்கல்லை எடுப்பது சட்டப்படி குற்றம். காயான்கேணிக் கடல் 2019இல் இருந்து சரணாலயம், அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி.

எடுத்த ஓட்டை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே உப்பு இருந்தால் காயும்போது படிகமாகி ஓட்டை வெடிக்க வைக்கும். நிழலில் உலர்த்துங்கள், பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள், வெள்ளையாக்குகிறேன் என்று வினாகிரியில் போட்டால் ஓடே கரைந்துபோகும். ஊர், யாருடைய வளவு, எத்தனை அடி, எந்த நிறக் களி, தேதி, இவ்வளவையும் அன்றைக்கே ஒரு துண்டில் எழுதி ஓட்டோடு சேர்த்துப் பையில் போடுங்கள்.

இப்போது ஆவணி, கிணறு வெட்டுகிற காலம். படுவான்கரையிலோ, சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கமோ யார் வளவிலாவது கறுப்புக் களி வந்தால், மாரி தொடங்கி மழை கழுவிக்கொண்டு போகும் முன் ஒரு வாளி களியை ஒதுக்கி வையுங்கள். எத்தனையாவது அடியில் வந்தது என்று வெட்டுகிறவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.