தலைப்பாகை கட்டிய ஹரிகேன் பைலட்

வணக்கம் மக்களே. மேசையில் இருக்கும் இந்தப் பொடியனைப் பாருங்கள், கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறேன். நிஜத்தில் 48இல் ஒரு பங்கு, அதாவது 1/48 அளவு பைலட் பொம்மை. விமான மாடல் செய்யும் கிட்டோடு வந்ததல்ல, தனியாக வாங்கியது. தலை மட்டும் ஐந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் தோல் தொப்பி, கண்ணாடி எல்லாம் அச்சாக வார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தத் தொப்பியைச் சீவி எடுத்துவிட்டுத் தலைப்பாகை கட்டப்போகிறோம்.

ஏனென்றால் இவன் உட்காரப்போகும் மாடல் இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிகேன். அதை நான் செய்வது மகிந்தர் சிங் புஜ்ஜி என்ற சீக்கிய விமானிக்காக. 1918இல் சிம்லாவில் பிறந்தவர். 1940இல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன 24 விமானிகளில் ஒருவர். தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று உறுதியாக நின்று, அதன் மேலேயே இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பறந்தார். மாற்றிக் கட்ட இன்னொன்றையும் காக்பிட்டில் வைத்திருப்பாராம். ஒருமுறை அடிபட்ட ஹரிகேனை எப்படியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் கொண்டுவந்து டோவர் அருகே தரையில் மோத இறக்கினார். தலைப்பாகை முழுக்க ரத்தம். அந்தத் துணி மடிப்புதான் மண்டையைக் காப்பாற்றியது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவும் தெரிந்த பிறகு தோல் தொப்பி போட்ட பொம்மையை உள்ளே உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

தலைப்பாகைக்கு எம்-சீல் போதும், இரண்டு பகுதியாக வரும் ஒட்டு மாவு அது. இரண்டையும் பிசைந்து பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். உடனே தொட்டால் விரலில்தான் ஒட்டும். நூல் மாதிரி உருட்டி, தட்டையாக நசுக்கி, காதுக்கு மேலிருந்து சாய்வாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாருங்கள். மடிப்புகள் நெற்றி நடுவில் வந்து சேர வேண்டும். ஈரமான ஊசியால் ஓரத்தை அழுத்தினால் துணி மாதிரியே தெரியும். உருண்டையாகத் தொப்பி போல வைத்தீர்களோ, தூரத்திலிருந்து பார்த்தாலே பொய் என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் கிரேவ்சென்டில் 2014இல் அவருக்குச் சிலை திறந்தார்கள். அதன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். தாடியை மறந்துவிடாதீர்கள்.

சரி, விமானத்துக்கு வருவோம். கிட் போலந்தின் ஆர்மா ஹாபி, ஹரிகேன் 2சி. முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 25 சென்டிமீட்டர் வரும். பிரிட்டனில் அவர் ஓட்டிய விமானத்தைவிட, பின்னால் பர்மா போர்முனையில் ஓட்டியதைச் செய்யவே எனக்கு ஆசை. அங்கே இந்திய விமானப்படையின் 6ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன்களின் வேலை சண்டை பிடிப்பதைவிட வேவு பார்ப்பதுதான். காட்டுக்கு மேலே தாழப் பறந்து படம் எடுப்பார்கள். எடையைக் குறைக்க இறக்கையிலுள்ள நான்கு பீரங்கிகளில் இரண்டைக் கழற்றிவிட்டார்கள். அதனால் கிட்டில் வரும் நான்கில் இரண்டை மட்டும் ஒட்டுங்கள். மற்ற இரண்டின் ஓட்டைகளை அடைத்துத் தேய்த்துவிடுங்கள்.

வட்டச் சின்னத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் விமானம் என்றதும் நடுவில் சிவப்புப் பொட்டு ஞாபகம் வரும். பர்மாவில் அது கிடையாது. ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம்மாட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம், அவ்வளவுதான். வால் பட்டையும் அப்படியே. நான் கிட்டில் வரும் டெக்கால் ஸ்டிக்கரை ஒட்டவில்லை. வட்டமாக மாஸ்க் வெட்டி ஸ்ப்ரே அடிக்கிறேன். வெளிர்நீலத்துக்கு அதே கருநீலத்தில் வெள்ளையைக் கலந்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், அடியில் சாம்பல்.

கோடுகள் எடுப்பாகத் தெரிய கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹரிகேனின் பின்பாதி உடம்பு தகடு அல்ல, சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே தகடுகள் சேரும் பேனல் கோடு மாதிரி கறுப்பு ஓடினால் பார்க்கச் சகிக்காது. முன்பாதியோடு நிறுத்திவிடுங்கள். பின்னால் வெயிலில் வெளுத்த மாதிரி லேசாக மங்கவிட்டால் போதும். இந்தக் காலத்தில் எல்லோரும் விமானத்தைச் சேற்றில் புரட்டி எடுத்த மாதிரி அழுக்காக்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தினமும் மெக்கானிக் துடைத்துப் பராமரித்த விமானம் இது.

காக்பிட்டின் கண்ணாடிக் கூண்டை மூடிவிட்டால் தலைப்பாகை யார் கண்ணுக்கும் தெரியாதே என்று கேட்பீர்கள். பின்னுக்குத் தள்ளித் திறந்தே ஒட்டப்போகிறேன். எம்-சீல் இறுகட்டும். அதற்குள் அந்தப் பீரங்கி ஓட்டைகளைத் தேய்த்து முடிக்கிறேன், ப்ரைமர் அடிப்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.