மொட்டைமாடி ஆன்டெனா கேபிளை நீட்டும்போது நான் செய்த தப்பு

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். காற்றுச் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடி அறையில் இருந்த ஹாம் ரேடியோவை, அதாவது பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் வாங்கிப் பிறரோடு பேசும் ரேடியோவை, போன வருஷம் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆன்டெனா மேலேயே இருக்கிறது. ஏற்கெனவே 12 மீட்டர் ஆர்ஜி-213 என்ற தடித்த ஆன்டெனா கேபிள், இன்னும் 8 மீட்டர் தேவைப்பட்டது. கையில் கிடந்த மெல்லிசான ஆர்ஜி-58ஐ எடுத்து, நடுக்கம்பியோடு நடுக்கம்பி, அதைச் சுற்றியிருக்கும் செம்பு வலையோடு வலை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டேன். இதோ அந்த இணைப்பு. கிட்டே காட்டுகிறேன். டேப்பை உரித்தால் பிசுபிசுவென்று வருகிறது. உள்ளே செம்பு வலை கறுத்து, தொட்டால் பச்சைப் பொடியாக உதிர்கிறது. கடல் காற்றும் மழையும் சேர்ந்து செய்த வேலை.

இதில் என்னை ஏமாற்றியது மீட்டர்தான். ரேடியோ பக்கம் எஸ்டபிள்யூஆர் 1.2 காட்டியது. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு அது, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ரொம்ப நல்ல அளவு என்று நினைத்தேன். ஆனால் சிதம்பரம் நண்பர், "சன்னமா கேக்குதுங்க, இரைச்சல் ஜாஸ்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டரை மாடிக்குக் கொண்டுவந்து ஆன்டெனா அடியில் போட்டுப் பார்த்தேன். 2.5! ஆன்டெனா திருப்பி அனுப்பிய சக்தியையும் கெட்டுப்போன கேபிள் வழியிலேயே தின்றுவிட்டது. மீட்டருக்குப் பெரிதாக எதுவும் திரும்பி வராததால் அது 'எல்லாம் சரி' என்றது. கேபிள் எவ்வளவு மோசமோ, கீழே அளவு அவ்வளவு அழகாகத் தெரியும். அதனால் ஆன்டெனா பக்கமும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். குறைந்த பவரில், லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். தண்ணீர் வலை வழியாகப் பழைய ஆர்ஜி-213 கேபிளுக்குள்ளும் ஏறியிருந்தது. ஒன்றரை அடி, ஒன்றரை அடியாக வெட்டினேன். மூன்றாவது வெட்டில்தான் செம்பு பளபளத்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த 10 மீட்டர் ஆர்ஜி-213ஐத்தான் இப்போது சேர்க்கிறேன். நாங்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆர்ஜி-58 இருபது மீட்டர் ஓடினால் பத்து வாட்டில் பாதியோ அதற்கு மேலோ வழியிலேயே போய்விடும். ஆர்ஜி-213 என்றால் ஆறு வாட்டுக்கு மேல் மேலே போய்ச் சேரும். கேட்பதற்கும் இதே கணக்குதான். டிஷ் கேபிள் மிச்சம் இருக்கிறதே என்று அதைச் சேர்க்காதீர்கள், அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம்.

இரண்டு நுனியிலும் பிஎல்-259 பிளக், நடுவில் இரண்டையும் சேர்க்கும் பீப்பாய் மாதிரியான பிஎல்-258. நடுப்பின்னையும் வலையையும் நன்றாகச் சூடேற்றிச் சால்டர் வையுங்கள். ஈயம் உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை, தண்ணீர் மாதிரி உள்ளே ஓட வேண்டும். ஒழுங்காகப் போட்ட இணைப்பில் இந்த அலைவரிசையில் இழப்பு மிகக் குறைவு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் இருக்கிறது. அதை இழுத்து இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டு வீட்டுக்கு ஓடு போடுகிற மாதிரி, மேல் சுற்று கீழ் சுற்றை மூட வேண்டும். வெயில் தின்னாமல் இருக்க அதற்கு மேல் பிவிசி டேப். இணைப்பில் கேபிளின் கனம் தொங்காதபடி குழாயோடு கட்டுகிறேன். ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிளைத் தொட்டில் மாதிரி கீழே தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது போனும் கரண்டும் போய் நாள்கணக்கில் தவித்தோம். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்த ரேடியோ. கேபிள் அன்றைக்குக் கைவிடக் கூடாது.

ஆன்டெனா அடியில் உப்பு பூத்திருந்ததைச் சுரண்டியபின் மேலே 1.3, கீழேயும் ஏறக்குறைய அதுவே. இப்போதுதான் சிதம்பரத்தைக் கூப்பிட்டேன். "பக்கத்து வீட்ல இருந்து பேசற மாதிரி இருக்கு" என்கிறார். மிச்சக் கேபிளைக் கட்டிவிட்டு இறங்குகிறேன். செவன்ட்டி த்ரீ, ஹாம் பாஷையில் வாழ்த்துகள்.