டிரம் வருவதற்கு முன்: ‘தி லோ எண்ட் தியரி’

[திரையில்: ஆல்பத்தின் அட்டைப்படம்]

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தின் பாதி காதுக்கே வராது.

1991 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது ‘தி லோ எண்ட் தியரி’. நியூயார்க் ஹிப்ஹாப் குழுவான எ டிரைப் கால்ட் குவெஸ்டின் இரண்டாவது ஆல்பம். ஜாஸ் என்றதும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும்தான் நம் காதில் முதலில் விழும். இவர்கள் அதற்கும் கீழே இறங்கி, இசையின் அடியில் ஒலிக்கும் தாழ்சுருதியான பேஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

[‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ ஒலிக்கிறது]

முதல் பாடலின் தொடக்கம் இது. டபுள் பேஸ், அதாவது நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியம், தன்னந்தனியாக நடக்கிறது. குழுவின் ராப்பர் கியூ-டிப் வாயைத் திறந்த பிறகும் டிரம் வரவில்லை. குரல், பேஸ், நடுவில் வெற்றிடம், அவ்வளவுதான். பதின்வயதில் ஹிப்ஹாப் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அது பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியை நினைவூட்டுவதாக அப்பா சொன்னதாகவும் பாடுகிறார். பிறகு டிரம் இறங்குகிறது. அந்த இடத்தில் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த பேஸ் வரி, டிரம் மேதை ஆர்ட் பிளேக்கியின் குழு 1973இல் வெளியிட்ட ‘எ சான்ட் ஃபார் பு’விலிருந்து வந்தது. ‘பு’ வேறு யாருமல்ல, பிளேக்கிதான்; அப்துல்லா இப்ன் புஹைனா என்பது அவருடைய இஸ்லாமியப் பெயர். மூலத்தில் அந்த வரி மூன்றின் கணக்கில் ஓடுகிறது, திஸ்ரம் போல. ராப்புக்கோ நான்கு வேண்டும். கியூ-டிப் கூடுதலாக ஒரு துண்டைச் சேர்த்து அதை நான்காக்கிவிட்டார். ஒட்டிய தடயம் தெரிகிறதா என்று கூர்ந்து கேட்டுப் பாருங்கள். வரி மூச்சு வாங்காமல் சுழல்கிறது. பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்துப் போடுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பாடலைத்தான்.

[திரையில்: ரான் கார்ட்டரின் படம்]

‘வெர்ஸஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்’ பாடலுக்கு ரான் கார்ட்டரே வந்து வாசித்தார். 1960களில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் பேஸ் வாசித்தவர். பாடலின் முடிவில் கியூ-டிப் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுகிறார். ஆல்பம் வெளிவந்த நான்காம் நாள் மைல்ஸ் காலமானார்.

பலர் கொண்டாடுவது கார்ட்டர் வாசித்த பாடலை. என் ஓட்டு ‘எக்ஸ்கர்ஷன்ஸ்’ பக்கம். அதைக் கேட்ட கையோடு பிளேக்கியின் மூலத்தையும் தேடிப் போடுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தட்டிக்கொண்டே.