ஒரு வார இறுதிக்கு ஒரு மலைப்பாதை

நேயர்களுக்கு வணக்கம். அலுவலாகவோ உறவினரைப் பார்க்கவோ சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் செல்பவர்களுக்கு, இடையில் ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைப்பதுண்டு. அந்த இரண்டு நாளில் ஆல்ப்ஸ் மலையை ரயிலில் பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, எந்த மலையைப் பார்ப்பது என்பதற்கு முன் எந்தெந்த மலைகளை விட்டுவிடுவது என்று முடிவு செய்யுங்கள் என்பதுதான். முதன்முறை சென்றபோது நான் அப்படிச் செய்யவில்லை. சனிக்கிழமை யுங்ஃப்ராவ், ஞாயிற்றுக்கிழமை பெர்னினா என்று திட்டமிட்டேன். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுங்ஃப்ராவ் நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே மேகம் வெள்ளைச் சுவராக நின்றது. மறுநாள் களைப்பில் பெர்னினாவின் பாதியைத் தூங்கியே கழித்தேன்.

ஆகவே இன்று ஒரே ஒரு பாதையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கூர் நகரில் தொடங்கி, ஆல்புலா கணவாயின் கீழே குடைந்து சென்று, பெர்னினா கணவாயின் மேலே ஏறி, இத்தாலியின் டிரானோ ஊரில் இறங்கும் ரேட்டியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை அது. இதில் தூசிஸ் முதல் டிரானோ வரையிலான பகுதியை யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த 122 கிலோமீட்டரில் 196 பாலங்களும் 55 சுரங்கப்பாதைகளும் இருக்கின்றன.

இந்தப் பாதையில் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற, கூரை வரை கண்ணாடி வைத்த சொகுசு ரயில் ஓடுகிறது. அதற்கு இருக்கை முன்பதிவு கட்டாயம். ஆனால் அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், ஏறத்தாழ மணிக்கொரு முறை சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு தேவையில்லை. என் ஓட்டு சாதாரண ரயிலுக்கே. சொகுசு ரயிலின் கண்ணாடி திறக்காது என்பதால் படம் எடுத்தால் நம் முகமும் சேர்ந்து விழும். சாதாரண ரயிலின் சில பெட்டிகளில் சன்னலை இறக்கிவிடலாம். அதைவிட முக்கியமானது, பிடித்த ஊரில் இறங்கிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளும் சுதந்திரம்.

சனிக்கிழமை காலை ஏழு மணியளவில் சூரிக்கில் புறப்பட்டால், ஒன்றேகால் மணி நேரத்தில் கூர் வந்துவிடும். அங்கு செயின்ட் மோரிட்ஸ் செல்லும் சிறிய சிவப்பு ரயிலுக்கு மாறி, வலப்புறச் சன்னலோரம் உட்காருங்கள். ஃபிலிசூர் நிலையத்துக்குச் சற்று முன்பு லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரமுள்ள அந்தக் கற்பாலம் வளைந்தே சென்று, செங்குத்தான பாறைச் சுவரில் உள்ள சுரங்கத்துக்குள் நேராக நுழைகிறது. ரயிலிலிருந்து பார்த்தால் அது சில நொடிக் காட்சி. ஆகவே ஃபிலிசூரில் இறங்கி, வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றி முக்கால் மணி நேரம் வரை நடந்து, கீழே நின்று அடுத்த ரயில் பாலத்தைக் கடப்பதைப் பாருங்கள்.

அங்கிருந்து பெர்கூன், ப்ரேடா ஆகிய இரு ஊர்களுக்கு இடையிலான பகுதிக்காகத் தூக்கத்தைத் தள்ளிவைக்கலாம். நேராக அளந்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால், தண்டவாளம் மலைக்குள் வளையங்களாகச் சுழன்று 12 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. சற்று முன் விட்டுவந்த ஊர் மறுபடியும் சன்னலுக்குக் கீழே தெரியும்போது, எந்தத் திசையில் போகிறோம் என்பதே குழம்பிவிடும். இரவு தங்க செயின்ட் மோரிட்ஸைவிட அதன் அருகிலுள்ள பொன்ட்ரெசினா நல்லது. மறுநாள் ரயிலுக்கும் வசதி, பெரும்பாலும் செலவும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் பாதையின் தன்மையே மாறுகிறது. ஆல்புலா பாதை 1903இல் நீராவி எஞ்சினுக்காகத் திறக்கப்பட்டது. 1908 முதல் 1910 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட பெர்னினா பாதை தொடக்கத்திலிருந்தே மின்சாரத்தில் ஓடியது. அதனால்தான் நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்ற ஏற்றத்தைப் பற்சக்கரம் இல்லாமலே ஏற முடிகிறது. நமது நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதன் ஏற்றம் இன்னும் சற்றுக் கடுமை என்பதால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பிடித்து ஏறுகிறது. அந்தப் பற்சட்ட முறையை உருவாக்கிய ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ் பொறியாளர். நீலகிரியின் பழைய நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டதும் சூரிக்கை அடுத்த விண்டர்தூர் நகரில்தான்.

பாதையின் உச்சியான ஒஸ்பிசியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே இரண்டு ஏரிகள் உள்ளன. கரிய ஏரி என்று பெயர் பெற்ற சிறிய ஏரியின் நீர் இன் ஆற்றிலும் டானூபிலும் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. பனியாற்று நீரால் வெளுத்த வெள்ளை ஏரியின் நீரோ ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. சற்றுக் கீழே ஆல்ப் க்ரூம் நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள். காரில் வர முடியாத அந்த இடத்தில், நடைமேடையில் நின்றபடியே பாலு பனியாற்றையும் போஸ்கியாவோ பள்ளத்தாக்கையும் பார்க்கலாம். உச்சியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ரயில் 429 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. காலையில் போட்ட கம்பளிச் சட்டையைக் கோடையில் வழியிலேயே கழற்ற வேண்டிவரும். ப்ரூசியோவில் ஒன்பது வளைவுகள் கொண்ட வட்டப் பாலத்தில் ரயில் சுற்றி வந்து, தன் பாலத்துக்கே அடியில் நுழைந்து போகிறது.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை, அரைக்கட்டண அட்டையும் முன்கூட்டியே வாங்கினால் மலிவாகும் நாள் சீட்டும் ரேட்டியன் ரயிலில் டிரானோ வரை செல்லும். மிலான் வழியாகத் திரும்ப விரும்பினால் இத்தாலியப் பகுதிக்குத் தனிச் சீட்டு வேண்டும். எல்லை தாண்டுவதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். நவம்பர் மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. கோடையும் இல்லாமல் பனிச்சறுக்குக் காலமும் தொடங்காமல் பல விடுதிகள் மூடியிருக்கும்.

டிரானோவில் ரயில் தெருவின் ஓரமாகவே வந்து, மாதா கோயிலின் முன்னுள்ள சதுக்கத்தைக் கடந்து நிலையத்தை அடைகிறது. மதிய உணவுக்கு, மரக்கோதுமை (பக்வீட்) மாவில் செய்த நாடாக்களோடு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்யும் பிட்சோக்கெரி கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்குக் கவலையில்லை. ஆனால் சூரிக் திரும்ப ஆறு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால், இரண்டு மணிக்குள் நிலையத்தில் இருங்கள். வந்த வழியே திரும்புகிறவர்களுக்கு வலப்புறக் காட்சியெல்லாம் இப்போது இடப்புறம் வரும். நன்றி, வணக்கம்.