பெங்குவின் பெட்டியும் நீச்சல் குளமும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த மே தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகரமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, அறங்காவலர் ஐயா அவர்களே, சனிக்கிழமை தவறாமல் நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தரும் ஆசிரியை அக்கா அவர்களே, விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கும் மாதர் குழுத் தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். செயலாளர் கொடுத்த பட்டியலில் இரண்டாம் பக்கத்தைக் காணவில்லை.

வேலைக்காக ஹெலிகாப்டரில் போகிறவர்களின் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்கு எதற்கு இது என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் முணுமுணுக்கிறார். தம்பி, நம் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஹெலிகாப்டரில் கொண்டுபோய், கம்பிவடத்தில் கட்டித்தான் கப்பல் தளத்தில் இறக்குகிறார்கள். 2021 ஜனவரி 21 அன்று, கோவிட் நோயாளி ஒருவரை அழைத்துவர ஹில்கிரெஸ்டுக்குக் கிளம்பிய மருத்துவ ஹெலிகாப்டர் நம் மாகாணத்துப் பெர்க்வில் பக்கம் விழுந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். விமானி, டாக்டர்கள், நர்ஸ், பாராமெடிக். எல்லாரும் வேலைக்குப் போனவர்கள்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: ஏறுவது, வானிலை, தண்ணீரில் விழுந்தால் தப்புவது. மூன்றுக்கும் ஒரே பழமொழி, நீங்கள் என் வாயால் பலமுறை கேட்டது: பதறாத காரியம் சிதறாது.

விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது, விமானி தலையசைத்த பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகப் போங்கள். வால் பக்கம் வேண்டவே வேண்டாம். வால் விசிறி சுற்றுகிற வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமிருந்து இறங்கி வராதீர்கள், அங்கே மேல் விசிறியின் இறக்கை தலைக்கு நெருக்கம். எடை கேட்டால் இன்றைய எடையைச் சொல்லுங்கள், கல்யாணத்தன்று இருந்த எடையை அல்ல. கையில் இருப்பதைக் கட்டி வையுங்கள்.

கட்டி வைக்காவிட்டால்? 2025 ஜனவரியில் நம் நாட்டிலேயே, கெபேகா (பழைய போர்ட் எலிசபெத்) அருகே பறவைத் தீவில் நடந்தது. தீவை வானிலிருந்து கணக்கெடுக்கும் வேலை. முடிந்தது. கிளம்பும் நேரத்தில் நிபுணர் ஒருவர், “ஒரு பெங்குவினையும் கூட்டிப் போகலாமா?” என்று கேட்கிறார். விமானியும் சரி என்கிறார். புறப்படும் முன் எழுதும் ஆபத்துக் கணிப்பில் இந்தப் புதுப் பயணிக்கு இடமில்லை. பெங்குவினுக்கு சீட் பெல்ட் உண்டா? அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் ஏற்றிக்கொண்டார்கள், பஸ்ஸில் கோழியைக் கொண்டுபோகிற மாதிரி! (சிரிப்பு) ஏறக்குறைய 15 மீட்டர்தான் எழும்பியிருக்கும். பெட்டி வலப்பக்கம் சரிந்தது. அங்கே என்ன இருக்கிறது? விமானி பிடித்திருக்கும் சைக்ளிக் பிடி, ஹெலிகாப்டரை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தீர்மானிக்கும் பிடி. பெட்டி இடித்த இடியில் பிடி முழுசாக வலப்பக்கம் போய்விட, ஹெலிகாப்டரும் அந்தப் பக்கமே புரண்டு, இறக்கை தரையில் அடித்து, கிளம்பிய இடத்திலிருந்து 20 மீட்டரில் விழுந்தது. விமானிக்குக் காயமில்லை, பயணிகளுக்குக் காயமில்லை, பெங்குவினுக்கும் காயமில்லை. (கைதட்டல்) சிவில் விமானத்துறை அறிக்கையிலேயே இருக்கிறது. நான் சேர்த்தது கோழியை மட்டும்தான். பெட்டியைக் கட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? பதறாத காரியம் சிதறாது.

வானிலை பற்றி நிறைய வைத்திருந்தேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் 2020-ல் மேகத்துக்குள் புகுந்துதான் மலையில் மோதியது, ஒன்பது பேர் இறந்தார்கள். விமானி “இன்று வேண்டாம்” என்றால் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். இயந்திரமும் கியர்பாக்ஸும் மேலே இருப்பதால், கடலில் இறங்கிய ஹெலிகாப்டர் பெரும்பாலும் தலைகீழாகப் புரண்டுவிடும். மூக்கில் தண்ணீர், திசை தெரியாது. அந்த நேரத்தில் பெல்ட்டை உடனே கழற்றுகிறவர் உள்ளுக்குள் உருண்டு வழி தவறுவார். ஒரு கை ஜன்னல் சட்டத்தில், மறு கை பெல்ட்டில். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளி, அப்புறம்தான் பெல்ட். லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதினால் அது உங்களை மேலே தூக்கி அழுத்திவிடும், வாசலுக்குக் குனிந்து வர முடியாது. வெளியே வந்து ஊத வேண்டும். கடல்மேல் பறக்கிறவர்களுக்கு இதைக் குளத்தில் ஹெலிகாப்டர் மாதிரி செய்த கூண்டைக் கவிழ்த்துப் பழக்குகிறார்கள்.

குளத்தில்! முகத்தில் தண்ணீர் பட்டாலே அலறுகிற பையனை அந்தக் கூண்டில் எப்படி உட்கார வைப்பது? நம் வட்டாரத்து நீச்சல் குளத்தைப் பூட்டி எத்தனை நாளாகிறது? டைல்ஸ் பெயர்ந்து புல் முளைத்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. தமிழ் வகுப்பு முடிந்து, மதியம் குளத்துக்குப் போகும் பிள்ளைகளை நான் பார்த்தாக வேண்டும். பம்பும் தண்ணீர் சுத்திகரிப்பும் சரியானால் போதும். மற்றதை நாமே செய்யலாம். பதறாத காரியம் சிதறாது என்று மட்டும் இந்த விஷயத்தில் யாரும் எனக்குத் திருப்பிச் சொல்லாதீர்கள், பொறுத்தது போதும்.

குளத்தைச் சரிசெய்யக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. நகரமன்ற அம்மையார் அவர்கள் இன்றே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பேனாவைக் கட்டிப் போட்டிருக்கிறேன், எடுத்துப் போகாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு வாருங்கள். நன்றி, வணக்கம்.