ஒன்பது பேர், ஒரு குளியலறை

நடுவர் அவர்களுக்கும் நம் தேவாலயப் பங்கு மக்களுக்கும் வணக்கம். 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும், நாம் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே கூப்பிடும் இந்த ஊருக்கும் வணக்கம். நிம்மதி தருவது கூட்டுக்குடித்தனமா, தனிக்குடித்தனமா? நான் கூட்டுக்குடித்தனம். அதுவும் மருமகளாக நின்று சொல்கிறேன்.

1917ல் இந்த மலேசிய நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கு, பாமாயில் தரும் செம்பனை நட்டது நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். அப்புறம் ரப்பர்ப் பால்மரங்கள் சாயச் சாயச் செம்பனை ஏறியது. தோட்டத்து வரிசை வீடான லயம் போய், சொந்த வீட்டுக் குடியிருப்பான தாமான் வந்தது. என் மாமனார் லயத்தை விட்டு வந்தபோது வாங்கிய வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு குளியலறை. பின்னால் கொஞ்சம் இழுத்துக் கட்டி, அதில்தான் இன்று ஒன்பது பேர் இருக்கிறோம்.

எதிரணித் தலைவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "காலையில் குளியலறை வாசலில் துண்டும் கையுமாக வரிசை. அது வீடா, பஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். தனிக்குடித்தனத்தில் சண்டையே இல்லை என்று அவர் சொன்னதற்கு என் அணியில் அடுத்து வருபவர் பதில் தருவார். எனக்கு இந்த பஸ் ஸ்டேஷன் போதும்.

ஐயா, பஸ் ஸ்டேஷனில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? வண்டி நேரம் வந்தால் கிளம்பிவிடும். எங்கள் வீட்டு வரிசை எப்படி நகரும் தெரியுமா?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் வந்தால் அத்தையும் மாமாவும் நாலு மணிக்கே குளித்துவிடுவார்கள். அது விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம். மாசி பங்குனியில் பால்மரம் இலை கொட்டித் தளிர் விடும், பால் குறையும், கூலியும் குறையும். "அந்தக் காலத்துல தவக்காலத்தை நாம தேட வேணாம், அதுவே வீட்டுக்கு வந்துடும்" என்பார் மாமா. சரி, மீதி ஏழு பேர். பள்ளிக்கூடம், வேலை, எல்லாம் ஒரே நேரம். சபா, சரவாக்கில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை, இங்கே தீபகற்பத்தில் கிடையாது. அன்றைக்கும் இதே ஓட்டம்தான்.

அத்தை குளியலறைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்வார். கையில் செபமாலை. ஒரு ஆள் உள்ளே போனதும் பரலோக மந்திரம் தொடங்கும். பின்னால் பத்து அருள்நிறைந்த மந்திரம், கடைசியில் ஒரு "பிதாவுக்கும் சுதனுக்கும்". அது முடிந்ததும் பிளாஸ்டிக் கதவில் "டக் டக்". அடுத்த ஆள்! ஐந்து பேர் குளித்து வெளியே வந்தால் ஒரு முழுச் செபமாலை முடிந்திருக்கும். பின்வரிசை அக்காக்களுக்குக் கேட்டதா? எங்கள் வீட்டில் கடிகாரம் பார்த்துக் குளிப்பதில்லை, செபமாலை வைத்துத்தான் குளிக்கிறோம்! என் கொழுந்தனார் இரவெல்லாம் போனைப் பார்த்துவிட்டுத் தாமதமாக எழுந்தால் அந்தப் பத்து மந்திரமும் விரைவு ரயில் வேகத்தில் போகும். தலையில் சோப்பு நுரையோடு "அம்மா, கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா!" என்று உள்ளேயிருந்து கெஞ்சுவார்.

இப்போது இதைக் கேளுங்கள். என் சின்னவன் வயிற்றில் ஏழு மாதம். குனிந்து தண்ணீர் மொள்ள முடியவில்லை, தரை வழுக்கும் என்று பயம். வெளியே அத்தையின் குரல் கேட்கிறது. "அருள்... நிறைந்த... மரியே..." ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வருகிறது. நானும் எண்ணினேன். ஒன்பது, பத்து. கதவு தட்டும் என்று பார்த்தால், பதினொன்று! பன்னிரண்டு! என் கணவர் வெளியே கத்துகிறார்: "அம்மா, பத்து முடிஞ்சுடுச்சு, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!" அத்தை அமைதியாகச் சொல்கிறார்: "எண்ணிக்கை விட்டுப்போச்சுடா. முதல்லேருந்து சொல்றேன்."

நடுவர் அவர்களே, கையில் மணி இருக்கிறது! விரலில் மணி நகரும்போது எண்ணிக்கை எப்படி விட்டுப்போகும்? மறுநாளும் விட்டுப்போனது. அதற்கு மறுநாளும். பிள்ளை பிறக்கும் வரை, நான் உள்ளே போன நேரத்தில் மட்டும், அந்த அம்மாவுக்கு எண்ணிக்கை விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. "மருமகளே, மெதுவாகக் குளி" என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கும் அத்தைக்கும் சண்டை வராமல் இல்லை. மீன் குழம்பில் புளி கூடியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்த இரண்டு நாளும்கூட எண்ணிக்கை விட்டுப்போனது, ஐயா.

அந்தச் சின்னவனுக்கு இப்போது பதினான்கு வயது. அத்தைக்கு இரண்டு வருடமாக ஞாபகம் சரியில்லை. என்னைச் சில நேரம் "யாரும்மா நீ, எந்தத் தோட்டம்?" என்று கேட்கிறார். ஆனால் விடிந்தால் நாற்காலி அதே இடத்தில் வேண்டும், செபமாலை வேண்டும். விரல் முதல் மணியிலேயே நிற்கிறது. பத்து போய் இருபது, இருபது போய் முப்பது. இப்போது நிஜமாகவே எண்ணிக்கை விட்டுப்போகிறது.

எங்கள் வீட்டில் யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. உள்ளே இருப்பவர்தான் எண்ணுகிறார். போன பெரிய வெள்ளி காலையில் சின்னவன் குளித்து முடித்து, பள்ளிச் சீருடையும் போட்டு, ஈரத் தலையோடு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். வெளியே பாட்டி எட்டாவது மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வந்ததும் அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டினான், "டக் டக்".

"பத்து முடிஞ்சுடுச்சு பாட்டி."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "பிதாவுக்கும் சுதனுக்கும்..." என்று தொடங்கினார். அது முடிகிற வரை அவன் கதவைத் திறக்கவில்லை.